எல்லைகளைப் பரிசாகக் கேட்டவர்

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை மாறவேள் என்ற ராஜா ஆண்டுவந்தான். முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் யோசிப்பது அவன் வழக்கம்.

ஒரு நாள் வடை தின்றவன், "யார் விளைவித்த உளுந்து இது? என்ன ருசி!" என்றான். வீராயி என்பவள் தன் நெல்வயலின் வரப்பில் விதைத்த உளுந்து அது. அவளைச் சபையில் புகழ்ந்தான்.

தன்னைத் தவிர வேறு யாரை ராஜா புகழ்ந்தாலும் பிரபு கோளரியாருக்குப் பொறுக்காது. "மன்னா, எனக்கு ஒரு சிறு பரிசு வேண்டும். யாருடைய நிலமும் வேண்டாம். நிலங்களின் எல்லைகளை மட்டும் கொடுங்கள்" என்றார்.

"நிலமே இல்லாத பரிசா? எடுத்துக்கொள்ளும்!" அப்படியே ஓலையில் எழுதி முத்திரை வைத்தான் ராஜா.

மறுநாள் கோளரியாரின் ஆட்கள் வீராயியின் வரப்பில் ஏறி, காய் பிடித்திருந்த உளுந்துச் செடிகளைப் பிடுங்கத் தொடங்கினார்கள். அவள் வீட்டுக்கு வருஷம் முழுவதற்கும் அந்த உளுந்துதான். சபைக்கு ஓடிவந்தாள்.

"வரப்புதான் எல்லை. எல்லை என்னுடையது" என்றார் கோளரியார்.

"வரப்பு எத்தனை அகலம், ஐயா?"

"இரண்டு முழம்."

"அப்படியானால் அதுவும் நிலம்தானே? வரப்பும் வயலும் தொடுகிற இடத்தில் அல்லவா எல்லை வரும்?"

"சரி, அங்கே விரல் அகலம் போதும்."

"அதில் பாதி வரப்பு, பாதி வயல். இரண்டும் மண்."

"மயிரிழை அகலம்!"

"அதிலும் எறும்பு நடக்குமே, ஐயா. எத்தனை மெல்லிசாக வெட்டினாலும் உங்கள் கையில் வருவது நிலம்தான். நிலம் வேண்டாம் என்று ஓலையில் இருக்கிறது."

ராஜா குழம்பிப்போனான். "அப்படியென்றால் எல்லை என்று ஒன்று கிடையாதா?"

வீராயி இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பிடித்தாள்.

"கும்பிட்டால் விட்டுவிடுவேனா?" என்று சிரித்தார் கோளரியார்.

"கும்பிடவில்லை, ஐயா. இது ஒரு வயல், இது ஒரு வயல். இரண்டும் தொடுகின்றன. அப்படித் தொடுவதற்குத்தான் எல்லை என்று பேர். என் கைகளை விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்."

கோளரியார் கையை நீட்டினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டார். சபை சிரித்தது.

"கொடுத்ததைத் திரும்ப வாங்க மாட்டேன்" என்றான் ராஜா. "எல்லைகள் எல்லாம் உமக்கே. தாராளமாக உழுது விதையும். ஆனால் யாருடைய மண்ணிலாவது உம் கால் பட்டால் அது திருட்டு. பிடுங்கிய செடிகளுக்கு ஈடாக, உம் வயலில் இந்த வருஷம் விளையும் உளுந்து முழுவதும் வீராயிக்கு."

அந்த நாட்டில் கோளரியாருக்கு இருந்த அளவு எல்லைகள் வேறு யாருக்கும் இல்லை. ஒரு நாளாவது போய்ப் பார்த்துவரலாம் என்றால், அவற்றில் கால் வைக்கத்தான் இடமில்லை.