ஏழு பதிப்புகளும் கடைசி வரியும்

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். தென்காசியில் வெயிலும் சாரலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. உலகம்மையின் மாடியறைக்குள் நுழைந்த சிவசைலம் குடையை மடக்கும் முன்பே கேட்டுவிட்டார்.

"மேடம், ஒரு மென்பொருள் எத்தனை வெர்ஷனைத் தாங்கணும்?"

தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஆசிரியை உலகம்மை அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர். தமிழ் எழுத்துகளைப் பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக மாற்றும் 'தொடுவரி' என்னும் மென்பொருளை எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருந்தார். அதைப் பராமரிக்கக் கற்றுக்கொள்ளத்தான் சிவசைலம் ஓராண்டாக இந்த மாடிப்படி ஏறிவந்தார்.

தொடுவரி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழியின் 3.7 முதல் 3.13 வரை ஏழு பதிப்புகளிலும் இயங்கும் என்று தொடுவரியின் இணையப் பக்க முகப்பில் ஒரு பட்டியல் சொன்னது. அன்று மாலை புதிய வெளியீடு. பழைய பதிப்புகளைக் கைவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று அதற்குள் முடிவாக வேண்டும்.

"ஒண்ணையும் எடுக்கக் கூடாது," என்றார் சிவசைலம். "ஜெசிந்தா டீச்சரோட பார்வையற்றோர் பள்ளிக்கூடத்துல 3.7தான் ஓடுது. அவங்க புள்ளி பிரிண்டர் அந்தப் பழைய கம்ப்யூட்டரோட மட்டுந்தான் ஒத்துப்போகும். திங்கக்கிழமை பிள்ளைகளுக்குப் பரீட்சை. என் சர்வீஸ்ல நானா ஒரு லைனை வெட்டுனதில்ல, மேடம்."

"டயல் டோன் வராத லைனையும் வேலை செய்யுதுன்னு எழுதி வெச்சிருந்தீங்களா, சார்?"

சிவசைலம் சிரித்தார். ஆசிரியை சிரிக்கவில்லை.

"3.7 சோதனையைத் திறங்க."

எந்தத் திருத்தம் வந்தாலும் ஏழு பதிப்புகளிலும் சோதனை தானாக ஓடும். ஏழும் தேறினால் முகப்பில் பச்சைக் குறி விழும். குறி பச்சையாகத்தான் இருந்தது. சிவசைலம் உள்ளே போய்ப் பார்த்தார். 3.7 சிவப்பு. நேற்றும் சிவப்பு. பின்னோக்கிப் போனால் பிப்ரவரி வரைக்கும் சிவப்பு.

"உள்ள தோத்திருக்கு, வெளிய எப்படிப் பச்சை..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். பிப்ரவரியில் ஒரு வெளியீடு தடைபட்டபோது, '3.7 தோற்றாலும் பொருட்படுத்தாதே' என்று ஒரு வரியைச் சேர்த்தவர் அவர்தான். ஒரு வாரத்துக்கு மட்டும் என்று எண்ணிச் சேர்த்தது.

ஆசிரியை தம் கைப்பேசியை அவர் முன்னால் நகர்த்தினார். "டீச்சரைக் கூப்பிடுங்க."

ஜெசிந்தா உற்சாகமாகப் பேசினார். "தொடுவரிக்கு என்ன சார், நல்லாத்தான் ஓடுது. ஒவ்வொரு பக்கத்திலயும் கடைசி வரி மட்டும் விழ மாட்டேங்குது. அதை நான் வாயால சொல்லிருதேன்."

"எப்ப இருந்து, டீச்சர்?"

"மார்ச்சுல இருந்து. பிரிண்டருக்கும் வயசாயிருச்சுல்லா. மெக்கானிக் ரெண்டு தடவை கழற்றி மாட்டிட்டுப் போனாரு. நாளைக்கு மறுபடி வாராரு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்க பட்டியல்லதான் எங்க வெர்ஷன் இருக்கே, சார். அப்போ கோளாறு எங்ககிட்டத்தானே இருக்கணும்?"

பேசி முடித்தபின் சிவசைலம் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாம் சேர்த்திருந்த வரியை அழித்தார். முகப்புக் குறி சிவப்பாயிற்று.

"இன்னைக்கு வெளியீடு நின்னுரும், மேடம்."

"நிக்கட்டும்."

நண்பகலில் சாப்பிட எழுந்ததைத் தவிர சிவசைலம் அசையவில்லை. மாலை நான்கு மணிக்கு, கடைசி வரியை விழுங்கிய கோளாறு அகப்பட்டது. திருத்த வேண்டியிருந்தது இரண்டே வரிகள். ஏழும் தேறின. இம்முறை ஏழையும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்க. எத்தனை?"

ஆசிரியை ஏழு எண்களையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். "ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒரு பேர் வேணும். சிவப்பு வந்தா அன்னைக்கே உட்கார்ந்து பாக்கிற ஆளோட பேரு."

"நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்."

"ஆமா."

புதியவை நான்குக்கும் நேராகத் தம் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை நீட்டினார். சிவசைலம் 3.7-க்கு நேராகத் தம் பெயரை அழுத்தி எழுதினார். பேனா 3.8-க்கு வந்து நின்றது. தம்மால் ஆவது ஒன்றுதான் என்பதை அன்றைய பகல் முழுக்க அவர் பார்த்திருந்தார்.

"நடுவுல ரெண்டு காலியா நிக்குது. அதையும் யாராவது எங்கயாவது ஓட்டிக்கிட்டு இருப்பாங்களே."

"இருப்பாங்க."

"அவங்களைக் கைவிட்டுருதா?"

"தங்க வெர்ஷன் பட்டியல்ல இல்லைன்னு அவங்களுக்கு நாளைக்கே தெரிஞ்சுரட்டும், சார். பிரிண்டரைக் கழற்ற மாட்டாங்க."

சிவசைலம் பேனாவை மூடினார்.

மறுநாள் காலை உலகம்மை அந்த இரண்டு பதிப்புகளையும் பட்டியலிலிருந்து நீக்கி, நீக்கிய செய்தியை முகப்பின் உச்சியில் எழுதி, புதிய வெளியீட்டை அனுப்பினார். சிவசைலம் காப்பி குடிக்கும் முன் 3.7-இன் சோதனையைத் திறந்தார். பச்சைக் குறியைப் பார்த்த பிறகும் உள்ளே போனார். ஜெசிந்தா புதிய வெளியீட்டில் பரீட்சைத் தாளை அச்சிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியிலும் புள்ளிகள் விழுந்திருப்பதை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, வாசலில் கருவிப் பையோடு வந்து நின்ற மெக்கானிக்குக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்.