மேளம் கேட்ட பள்ளி

ஒரு குரு இருந்தார், ஒரு சீடர் இருந்தார். ஆற்றங்கரை, ஆசிரமம் என்று தேட வேண்டாம். இருவரும் ஓர் அரசின் நிதித்துறையில், இரும்பு அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஊர் அரசு என்பதை விட்டுவிடுவோம்.

சீடர் பேச்சிமுத்து. பி.காம். முடித்துவிட்டுத் தேர்வு மேல் தேர்வாக எழுதி, நரை எட்டிப் பார்க்கிற வயதில் உதவிப் பிரிவு அலுவலராக வேலைக்குச் சேர்ந்தவர். குரு ஹாஜிரா, அவருடைய பிரிவு அலுவலர். சீடரைவிட ஐந்தாறு வயது சின்னவர். குரு சீடரை 'சார்' என்பார், சீடர் குருவை 'மேடம்' என்பார். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

பேச்சிமுத்துவின் மேசைக்கு வந்த முதல் கோப்பு ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றியது. மலையடிவாரத்தில் காது கேளாத குழந்தைகள் படிக்கிற பள்ளி. பெரிய மேளங்கள் வாங்கப் பணம் கேட்டிருந்தார்கள்.

பேச்சிமுத்துவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காது கேளாத பிள்ளைகளுக்கு மேளமா! பக்கத்து நாற்காலிக்காரரிடமும் சொல்லிச் சிரித்தார். வந்ததும் வராததுமாக அரசாங்கத்துக்கு ஒரு வீண் செலவை மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. பழைய ஆணை ஒன்றை மாதிரிக்கு வைத்துக்கொண்டு மளமளவென்று வரைவு எழுதினார்.

'அரசு இக்கருத்துருவைக் கவனமுடன் பரிசீலித்தது. இதனை ஏற்பதற்கில்லை.'

ஹாஜிரா அதை வாங்கிப் படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

"கவனமுடன் பரிசீலிச்சது யாரு சார்?"

"அரசு, மேடம்."

"அப்படியா? நான் இதுவரைக்கும் அரசைப் பாத்ததில்ல. நீங்க பாத்திருக்கீங்களா?"

கேலி செய்கிறாரோ என்று பேச்சிமுத்து அவர் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை.

"இந்தக் கட்டடத்துலதான் மேடம், எங்கயாவது மேல இருக்கும்."

"வாங்க, தேடிப் பாத்துட்டு வருவோம்."

கோப்பை எடுத்துக்கொண்டு ஹாஜிரா முன்னால் நடந்தார். முதலில் சார்புச் செயலாளரிடம் போனார்கள். புது சார் எழுதிய வரைவு, அனுப்பலாமா என்று ஹாஜிரா கேட்டார். அவர் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்தார்.

"செக்‌ஷன்ல நல்லாப் பாத்துட்டீங்கல்ல? அப்ப அனுப்புங்க."

அடுத்த மாடியில் துணைச் செயலாளர். அவர் கடைசி வரியை மட்டும் படித்தார்.

"கீழ பாத்துட்டாங்கன்னா எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

அதற்கும் மேல் செயலாளர். செய்தித்தாளில் மட்டுமே பார்த்திருந்த முகத்தை எதிரே பார்த்ததும் பேச்சிமுத்து வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த மேசையில் கோப்புகள் ஆளை மறைக்கிற உயரத்துக்கு இருந்தன. இரண்டு தொலைபேசிகள் மாறி மாறி அடித்தன. செயலாளர் ஒன்றை எடுத்துக் கையால் பொத்திக்கொண்டு பேச்சிமுத்துவைப் பார்த்தார்.

"புதுசா சேந்தவர் நீங்கதானா? நல்லது. உங்க கையெழுத்தோட வந்துச்சுன்னா நானும் போட்டுருவேன். இவ்வளவையும் நான் ஒருத்தன் எப்படிப் பாக்க முடியும்? எனக்குக் கண்ணே நீங்கல்லாம்தான்."

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நல்ல மனுஷனின் சிரிப்பு. பேச்சிமுத்துவால்தான் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

படியிறங்கிப் பிரிவுக்குள் நுழைந்ததும் பேச்சிமுத்து கேட்டார்.

"அரசைப் பாக்கவே இல்லையே மேடம்?"

ஹாஜிரா பேச்சிமுத்துவின் மேசைக்குப் போனார். அவருடைய நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க."

பேச்சிமுத்துவால் உட்கார முடியவில்லை. காலையில் அதே நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் டீ குடித்திருந்தார். இப்போது சாமி சன்னதியில் நிற்கிறவர்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தான் எழுதிய ஒரு வரி, யாரும் தடுக்காமல், எல்லார் நம்பிக்கையையும் வாங்கிக்கொண்டு உச்சி வரைக்கும் போயிருக்கும். அங்கிருந்து ஆணையாக இறங்கி, எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலில் போய் நின்றிருக்கும்.

"அப்ப அந்த மேளம் எதுக்கு மேடம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க இன்னும் பாக்கலையே சார்."

மறுநாளைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு விடியும்போதே பேச்சிமுத்து பஸ் ஏறினார்.

பள்ளியில் அவரை வரவேற்ற ஆசிரியை, வந்தவர் நிதித்துறைக்காரர் என்று தெரிந்ததும் பதறிப்போனார். இருந்தாலும் வகுப்புக்குள் கூட்டிப்போனார். பலகை அடித்த தரை. "செருப்பக் கழட்டிருங்க சார்" என்றார்.

நடுவில் ஒரே ஒரு மேளம் இருந்தது. அதன் ஒரு பக்கத் தோல் கிழிந்து தொங்கியது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முறை வந்த சிறுமி மேளத்தைக் கட்டிப் பிடித்து அதில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ஆசிரியை மறுபக்கம் தட்டினார். பலகை வழியாக அந்த அதிர்வு பேச்சிமுத்துவின் உள்ளங்காலில் ஏறியது. ஊர்க் கோயில் கொடைவிழாவில் விடிய விடிய மேளம் கேட்டு வளர்ந்தவர் அவர். ஆனால் காலால் கேட்டது அன்றுதான்.

ஆசிரியை ஒரு தட்டுக்கு ஒரு தடவை வாயைத் திறந்து மூடிக் காட்டினார்.

"பா," என்றாள் சிறுமி. "பா. பா. ப்பா."

"தன் குரலு எங்க ஆரம்பிக்குதுன்னு இவங்களுக்குத் தெரியாது சார். இதுல கன்னத்த வச்சாத்தான் தெரியும்," என்றார் ஆசிரியை. "முறை வர்றதுக்குள்ள மணி அடிச்சிருது. பாதிப் பிள்ளைங்க அழுதுக்கிட்டே போகும்."

அந்தச் சிறுமி பேச்சிமுத்துவின் கையைப் பிடித்து இழுத்துத் தோலின் மேல் வைத்தாள். தட்டும்படி சைகை காட்டினாள். அவர் தட்டினார். "ப்பா," என்று அவள் அவரைப் பார்த்தே சொன்னாள். பேச்சிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்து வரிசை முழுக்கச் சிரித்தது.

மறுநாள் அலுவலகத்தில் பேச்சிமுத்து பழைய வரைவைக் கிழித்துப் போட்டார். பார்த்ததையெல்லாம் குறிப்பாக எழுதினார். விலையை விசாரித்தார். விதியைப் புரட்டினார். புது வரைவின் முதல் வரி மட்டும் மாறவில்லை.

'அரசு இக்கருத்துருவைக் கவனமுடன் பரிசீலித்தது.'

அந்த ஒரு வரியை எழுதத்தான் நேரம் பிடித்தது. எழுத்து கோணல் மாணலாகப் போயிற்று. அதற்குக் கீழே 'ஏற்கிறது' என்று எழுதி முடித்துக் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஹாஜிரா எழுத்து எழுத்தாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார். பேச்சிமுத்து நகராமல் நின்றார்.

"என்ன சார்?"

"ஒண்ணு கேக்கணும் மேடம். இந்த வரிய எழுதும்போது கை நடுங்குது. நெசமாவே நடுங்குது. பழகப் பழகப் போயிரும்லா?"

ஹாஜிரா அடுத்த கோப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"போயிட்டா எங்கிட்ட வந்து சொல்லிடுங்க சார். அன்னிக்கோட உங்களுக்குக் கோப்பு அனுப்பறத நிறுத்திடறேன்."