பினாங்கு மடத்து உறைமோர்

"நான் மடத்தைக் கெடுத்துட்டேன்மா. என்னை அனுப்பிடுங்க."

கரண்டியும் கையுமாக வந்து நின்றார் சடையப்பர். எழுபது வயது. பினாங்கு மடத்தின் அடுப்படிதான் அவருக்கு உலகம். பாயில் உட்கார்ந்திருந்த மடத்துத் தலைவி பூவம்மைக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். இருந்தாலும் குரு குருதானே.

"என்ன ஆச்சு பெரியப்பா?"

"உறைமோர் போச்சு."

முதல் குரு நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது மண்கலயத்தில் கொண்டுவந்த தயிர் அது. தினமும் ஒரு கரண்டி எடுத்துவைத்து மறுநாள் பாலில் ஊற்றி, இத்தனை தலைமுறையாக அறுபடாமல் காத்துவந்தார்கள். வந்த இடத்தில் கரைந்துபோகாமல் நாம் நாமாகவே இருப்பதற்கு அதுதான் சாட்சி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார் சடையப்பர்.

"குருபூசைக்கு டர்பன், பாரிஸ், கனடான்னு எங்கிருந்தெல்லாமோ வந்துட்டாங்க. பந்தியில பானையச் சுரண்டிப் போட்டுட்டேன். எடுத்துவைக்க மறந்துபோச்சு."

"அப்புறம்?"

"பக்கத்துப் பஞ்சாபி வீட்டுல கொஞ்சம் வாங்கி ஊத்தினேன். யார்கிட்டயும் சொல்லல. இந்த வாரம் பூரா எல்லாரும் சாப்பிட்டது அதுதான். நீங்களுந்தான்."

"நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதுதாம்மா பயமா இருக்கு! ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. இப்படியே ஒண்ணொண்ணாப் போயிட்டா, கடைசியில நாம யாரு?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார் சடையப்பர்.

பூவம்மை எழுந்து அடுப்படிக்குப் போனார். அந்தத் தயிரையே சோற்றில் ஊற்றிப் பிசைந்து, கிண்ணத்தோடு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

சடையப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அவர் தயிரைத் தொடவில்லை.

"என்னால முடியாதும்மா."

"பெரியப்பா, என்னை இந்த வாசல்ல விட்டுட்டுப் போனாங்களே, அன்னைக்கு எனக்கு என்ன கொடுத்தீங்க?"

"தயிர்சோறுதான். குழையப் பிசைஞ்சு நானே ஊட்டினேன். அப்பத்தான் நடை பழகியிருந்த. பசியில அந்தக் கத்து கத்தினியேம்மா!"

நீங்க என்பது நீயாக மாறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"மூஞ்சியப் பார்த்தா சீனத்துப் பிள்ளைன்னு தெரியலையா?"

"தெரியாம என்ன? அதுக்காக..."

மேலே சொல்ல வராமல் அந்த முகத்தையே பார்த்தார் சடையப்பர். திறந்த வாய் திறந்தபடி நின்றது.

பூவம்மை ஒரு கவளம் உருட்டி அதில் ஊட்டினார்.