சுள்ளியின் தலையை யார் பார்ப்பது?

காட்டாற்றின் தென்கரையில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. மொத்தம் முப்பது குரங்குகள். அதில் பதினோரு குட்டிகள். அந்தப் பதினோரு குட்டிகளும் காலையிலிருந்து மாலை வரை ஒரே வேலையாக இருந்தன. தலையைச் சொறிவதுதான் அந்த வேலை!

சொறிந்தால் சொறியட்டுமே, அதனால் என்ன என்று கேட்காதீர்கள். குட்டிகள் எல்லாம் தாவல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தன. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னால் கூட்டம் ஆற்றைத் தாண்டி வடகரைக்குப் போய்விடும். தென்கரை நாவல் மரத்திலிருந்து வடகரை மருத மரத்துக்கு ஒரே தாவல்! மழை பிடித்துக்கொண்டால் தென்கரையில் தின்ன ஒரு காய் இருக்காது. சிறுத்தை வேறு சுற்றும். தாவத் தெரியாத குட்டி இங்கேயே கிடக்க வேண்டியதுதான். பெற்ற குட்டியை விட்டுப் போக எந்தத் தாய்க்கு மனம் வரும்? அதுவும் கூடவே கிடக்க வேண்டியதுதான்.

ஒரு நாள் கூட்டத் தலைவியின் குட்டி கொவ்வை, குளத்துக்கு மேலே தாவிப் பழகிக்கொண்டிருந்தது. பாதித் தாவலில் உச்சந்தலை அரித்தது. இரண்டு கையும் தலைக்குப் போய்விட்டன. பிறகு கிளையை எதனால் பிடிப்பது, மூக்காலா? தொபுக்கடீர்! கொவ்வை குளத்தில் விழுந்தது.

தலைவியின் பெயர் முடியழகி. சீவி நடுவகிடு எடுத்தது போல அப்படி ஒரு முடி அதற்கு. தன் குட்டி தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றதும் முடியழகிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"கூட்டத்துக்கே பேன் பிடிச்சிருக்கு! எங்கே அந்தச் சுள்ளி? கூப்பிடு அவளை!"

சுள்ளி என்பது கூட்டத்திலேயே மிகவும் கீழ்க்கொம்பில் தங்கும் குரங்கு. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கீழ்க்கொம்புக்காரி மேல்கொம்புக்காரிக்குப் பேன் பார்க்கலாம். மேல்கொம்புக்காரி கீழ்க்கொம்புக்காரியின் தலையைத் தொடக் கூடாது. யார் வைத்த வழக்கமோ, தெரியாது. சுள்ளிக்கும் கீழே ஒரு கொம்பு கிடையாது. ஆகவே சுள்ளி எல்லாருக்கும் பார்க்கும். சுள்ளிக்கு ஒருவரும் பார்க்க மாட்டார்கள்!

சுள்ளியின் விரல்களைச் சும்மா சொல்லக் கூடாது. முடியைப் பிரித்தால் பேன் தானாக வந்து கையில் ஏறுமோ என்று தோன்றும். எடுத்த பேனை டபக்கென்று வாயில் போட்டுக்கொள்ளும். சிரிக்காதீர்கள், குரங்குக்கு அது பொரிகடலை.

முதலில் தன் மகள் குன்னிக்குப் பார்த்தது. அப்புறம் முடியழகி, கொவ்வை என்று வரிசையாக மற்ற எல்லாருக்கும் பார்த்தது. பொழுது சாயும்போது சுள்ளியின் முதுகு ஒடிந்துபோயிற்று.

"அம்மா, இது போதாது," என்றது சுள்ளி முடியழகியிடம். "பேனை எடுத்துட்டேன். ஈர் முடியோட ஒட்டிக்கிட்டு இருக்கு. எட்டு நாளில் அது பொரிச்சிடும். எட்டாம் நாள் மறுபடி பார்த்துடறேன்."

சொன்னபடி எட்டாம் நாள் மறுபடி எல்லாத் தலையையும் பார்த்தது. ஒரு குறை சொல்ல முடியாது.

அப்படியும் பத்து நாள் கழித்து, கரக், கரக்! பதினோரு குட்டிகளும் சொறியத் தொடங்கின.

சுள்ளி திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தது. முதல் நாள் ஒரு தடவை, எட்டாம் நாள் ஒரு தடவை. பலன்? பத்து நாளில் மறுபடி கரக், கரக்!

அது எப்படி என்கிறீர்களா? பேன்கள் பேசிக்கொண்டதைக் கேளுங்கள்.

"ஐயோ தாத்தா! கொவ்வை தலையிலிருந்து நம்ம ஆளுங்க அத்தனை பேரும் காலி!" என்று ஒரு சின்னப் பேன் அழுதது.

"அழாதேடா," என்றது கிழட்டுப் பேன். "நாம இருக்கிற இடம் எது?"

"சுள்ளி தலை."

"இந்தத் தலைக்கு யாராவது வந்து பார்த்தாங்களா?"

"இல்லையே!"

"வரவும் மாட்டாங்க. நாளைக்கு இவ குனிஞ்சு அடுத்த தலையைப் பார்ப்பா. தலையும் தலையும் உரசும். நீ பாட்டுக்கு இறங்கிப் போய்க் குடும்பம் நடத்து!"

குரங்குகளுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. யார்மேல் பழி போடலாம் என்று மட்டும் பார்த்தன.

அந்தக் கூட்டத்தில் கிலுக்கி என்று ஒன்று உண்டு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத குரங்கு. அது குன்னியின் காதோரம் ஒரு பேனைப் பார்த்துவிட்டது. தாயின் மார்பில் சாய்ந்து தூங்குகிற குட்டிக்குப் பேன் வராமல் என்ன செய்யும்?

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா! எல்லாம் இதால வந்த வினை!" என்று கிலுக்கி மரம் அதிரக் கத்தியது. "கீழ்க்கொம்புக் குட்டியை நம்ம குட்டிகளோட சேர்த்து வெச்சா வேற என்ன ஆகும்?"

"சரி," என்றது முடியழகி. "குன்னி இனிமே தாவல் பள்ளிக்கு வர வேண்டாம்."

"அம்மா!" என்று சுள்ளி பதறியது. "மழைக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லையே! தாவப் பழகலைன்னா என் பொண்ணு ஆத்தை எப்படித் தாண்டுவா?"

முடியழகி மேல்கொம்புக்கு ஏறிப் போய்விட்டது.

குன்னி கீழ்க்கொம்பில் தனியாக உட்கார்ந்தது. மற்றவை தாவுவதைப் பார்த்தது. "அம்மா, நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டது. சுள்ளி அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது. என்ன அநியாயம் பாருங்கள்! இருபத்தொன்பது தலையைப் பார்த்த தாயின் குட்டிக்கு இந்தத் தண்டனை!

அப்போதும் சுள்ளி வேலையை நிறுத்தவில்லை. மறுபடி எல்லாருக்கும் பேன் பார்த்தது.

பத்து நாள் போயிற்று. கரக், கரக்!

"இப்போ எப்படி?" என்று முடியழகி திகைத்தது. "குன்னிதான் பள்ளிக்கே வரலையே!"

கிலுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு இலையை ரொம்பக் கவனமாகக் கடித்தது.

முடியழகிக்கும் அரிப்புத் தாங்கவில்லை. சுள்ளியின் மடியில் தலையை வைத்து மல்லாந்து படுத்தது. சுள்ளி குனிந்தது. சுள்ளியின் நெற்றி முடியிலிருந்து ஒரு கொழுத்த பேன் நழுவி, நேராகத் தலைவியின் மூக்கு நுனியில் வந்து விழுந்தது! முடியழகி துள்ளி எழுந்தது.

"அடிப்பாவி! இவதான்! இவதான் பேனைப் பரப்புறா!" என்று கிலுக்கி குதித்தது. "ரெண்டு பேரையும் விரட்டுங்க, தலைவியம்மா!"

சுள்ளி முதலில் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பிறகு குன்னியைப் பார்த்தது. அதன் பிறகு அந்தப் பயம் போன இடம் தெரியவில்லை.

"பரப்பினேனா? ஆமாம்மா, என் தலையிலிருந்துதான் வந்திருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியுது. ஆனா என் தலை என் கண்ணுக்குத் தெரியுமா? உங்க தலை உங்களுக்குத் தெரியுதா? அதுக்குத்தானே நான் வேண்டியிருக்கு! இத்தனை தலை பார்த்தேனே, ஒரே ஒரு தடவை என் தலையை யாராவது பார்த்தீங்களா? பார்த்திருந்தா உங்க குட்டிங்க சொறிஞ்சிருக்காது. என் பொண்ணு பள்ளிக்கூடத்தை விட்டு நின்னிருக்க மாட்டா."

முடியழகியின் முகத்தில் ஈயாடவில்லை.

"நாலு மழைக்காலமா உன்கிட்டே தலையைக் கொடுத்திருக்கேன்," என்றது. "உன் தலையில முடி என்ன நிறம்னுகூட நான் பார்த்ததில்லை. இங்கே வா, சுள்ளி. திரும்பி உட்கார்."

"தலைவியம்மா! நீங்களா? கீழ்க்கொம்புக்கா?" என்று கிலுக்கி அலறியது.

"வாயை மூடிக்கிட்டு நீயும் வா! வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் உனக்கு!"

தலைவி பேன் பார்க்க உட்கார்ந்துவிட்டது. ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு பேன் எடுத்திருந்தால்தானே!

"ஆ! அம்மா, அது பேன் இல்லை, என் காது!"

"பொறு, பொறு. இதோ ஒண்ணு ஓடுது! எங்கே போச்சு?"

"முடியை ரெண்டா வகுந்து பிடிங்க. கீழேயிருந்து மேலே வாங்க. நகத்தால நெருடிப் பாருங்க."

முடியழகி அப்படியே செய்தது. கொஞ்ச நேரத்தில் சுள்ளியின் தோள் குலுங்கியது.

"வலிக்குதா?"

"இல்லம்மா. எங்கம்மா செத்த பிறகு என் தலையில யார் கையும் பட்டதில்லை. ரொம்ப நன்றிம்மா!"

"நீ எனக்கு நன்றி சொல்லாதே, சுள்ளி. எனக்கு வெட்கமா இருக்கு. நான்தான் சொல்லணும். இவ்வளவு நாள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நன்றி. உன் கைக்கு, உன் முதுகுக்கு, எல்லாத்துக்கும்."

கிலுக்கியும் இடது பக்கத்திலிருந்து மெல்ல வாயைத் திறந்தது. "குன்னிக் கண்ணு, உன்மேல பழி போட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதே."

இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே மனசு நிறைந்துவிடுகிறது. தப்பை ஒத்துக்கொள்ளக் கூட்டத் தலைவி தயங்கியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அன்றே எல்லாக் குரங்குகளும் வட்டமாக உட்கார்ந்தன. மேல்கொம்பு, கீழ்க்கொம்பு எல்லாம் கலந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் இருந்த தலையைப் பார்த்தது. சுள்ளி நடுவே நடந்து, "அங்கே ஒண்ணு! காதுக்குப் பின்னால பார்! பிடரியை விடாதே!" என்று சொல்லிக்கொண்டே போயிற்று. கிழட்டுப் பேன் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு ஓடப் பார்த்தது. ஓடிய பக்கமெல்லாம் விரல்! கடைசியில் கிலுக்கியின் வாய்க்குள் போய்ச் சேர்ந்தது.

எட்டாம் நாள் மறுபடி வட்டம் கூடியது. பத்து நாள் ஆயிற்று. பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஒரு கையும் தலைக்குப் போகவில்லை.

குன்னி முதல் வட்டம் கூடிய மறுநாளே பள்ளிக்குத் திரும்பிவிட்டது. விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க விடிந்ததும் தாவும். மற்ற குட்டிகள் எல்லாம் போன பிறகும் தாவும். கொவ்வை கூட இருந்து, "இன்னும் கொஞ்சம்! காலை நல்லா உதை!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது.

வானம் கருத்தது. ஆறு சுழித்து ஓடத் தொடங்கியது. குரங்குகள் ஒவ்வொன்றாக மருத மரத்துக்குத் தாவின. கடைசியில் நாவல் மரத்தில் குன்னியும் சுள்ளியும் மட்டும் நின்றன.

"போ, கண்ணு," என்றது சுள்ளி.

குன்னி தாவியது. சுள்ளி கண்ணை மூடிக்கொண்டது. எதிர்க்கரையில் இருபத்தெட்டுக் குரங்குகளும் சேர்ந்து, "ஹே!" என்று கத்திய பிறகுதான் கண்ணைத் திறந்தது. அங்கே குன்னி மருதக் கிளையில் உட்கார்ந்து, "நீயும் வாம்மா!" என்று கையாட்டிக்கொண்டிருந்தது.

சுள்ளி தாவிப் போய்ச் சேர்ந்ததும் தனக்கு எது கீழ்க்கொம்பு என்று தேடியது.

"அங்கே என்ன தேடறே?" என்றது முடியழகி, பக்கத்தில் இடம் ஒதுக்கியபடி. "இங்கே வந்து உட்கார். இனிமே வட்டம் கூடும்போதெல்லாம் முதல் தலை உன்னோடதுதான்!"

நம்மைக் கவனித்துக்கொள்கிறவரை நாமும் கவனித்து நன்றி பாராட்டினால்தான் எல்லாருடைய துன்பமும் தீரும்.