ராஜாவுக்குப் பதிலாகப் போன குடை

முன்னொரு காலத்தில், மழையும் விளைச்சலும் தவறாமல் இருந்ததால் ராஜாவுக்கு அதிக வேலை இல்லாமல் போன ஒரு நாடு இருந்தது. மகுடவர்மர் என்ற அந்த ராஜா மதியச் சாப்பாடு முடிந்ததும் சபைக்கு வந்து சிம்மாசனத்திலேயே தூங்கிவிடுவார். அதற்காக அரச காரியம் நிற்க முடியாதே. அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டாயிற்று. விண்ணப்பத்தை மூன்று முறை உரக்க வாசிப்பார்கள். ராஜா வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அது சம்மதம், முத்திரை விழுந்துவிடும்.

கடலுக்கு அப்பால் சங்குத்தீவு என்று ஒரு தீவு. அதன் அரசன் ஒரு கோடையில் படகு நிறைய மாம்பழம் அனுப்பினான். வந்து சேர்வதற்குள் பாதி அழுகிவிட்டது. மகுடவர்மர் மீதியைச் சாப்பிட்டார், வயிறு கெட்டது, போர் அறிவித்தார். படை கிளம்ப ஜோசியர்கள் குறித்த நல்ல நேரம் வந்தபோதும் அவரால் கொல்லைப்பக்கத்தை விட்டு வர முடியவில்லை. அப்படி ஆனால் ராஜாவின் வெண்கொற்றக்குடையை முன்னே அனுப்புவது பழைய முறை. குடை போனால் ராஜாவே போன மாதிரி. அதற்கு இரண்டு வேளை படையல் உண்டு. அதன் எதிரே யாரும் செருப்பு அணியக் கூடாது.

ராஜாவுக்கு மூன்றாம் நாளே குணமாகிவிட்டது. குடையும் படையும் ஆறு வருஷமாகத் திரும்பவில்லை.

எதற்காகச் சண்டை என்பது ஊரில் பாதிப் பேருக்கு மறந்துபோயிற்று. தண்டோராச் சத்தம் கேட்டால் ஆண்கள் பரணில் ஏறி ஒளிந்தார்கள். தளவாய் வயிரவநாதன் மட்டும் சலிக்கவில்லை. ராஜா முன்னிலையில் படையைத் திருப்பச் சொல்பவன் நாக்கை அறுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தான். ராஜா தூங்கிக்கொண்டிருந்தார், முத்திரை விழுந்தது. பிறகு ஒருநாள், பௌர்ணமியன்று இன்னும் மூவாயிரம் பேரைக் கப்பலேற்ற வேண்டும் என்று வாசித்தான். மூன்றாம் முறை வாசித்து முடித்தபோது சபையில் யாரோ சிரித்தார்கள். ராஜா விழித்துக்கொண்டார்.

சிரித்தவன் உலகப்பன், சபையின் விகடகவி. அவனுடைய ஒரே தம்பி முதல் படையோடு போனவன். உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது.

"சிரிக்கிற அளவுக்குப் போரைப் பற்றி இவருக்குத் தெரிந்திருக்கிறது, மன்னா. இவரையே அனுப்பி முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்" என்றான் தளவாய்.

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. பௌர்ணமிக்குள் போர் முடிய வேண்டும், முடிந்தால் மூவாயிரம் பேர் வீட்டிலேயே இருக்கலாம் என்றார். மன்னர் சம்மதம் இல்லாமல் ஒரு படகு திரும்பினாலும் உலகப்பன் தலை போக வேண்டும் என்று தளவாய் சேர்த்துக்கொண்டான். அதற்கும் ராஜா தலையாட்டினார்.

உலகப்பன் ஒன்றுதான் கேட்டான். "அங்கே போய் நான் யாரை வணங்குவது?"

"குடையை. குடை மன்னரேதான். அதில் சந்தேகப்பட்ட இரண்டு பேரை நானே கழுவேற்றியிருக்கிறேன்" என்றான் தளவாய்.

"எனக்கு மறதி அதிகம். ஓலையில் எழுதிக் கொடுங்கள்."

தளவாய் பெருமையாக எழுதிக் கொடுத்தான்.

சங்குத்தீவில் சண்டை என்று ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. முகாமிட்டிருந்த வீரர்கள் காலையில் தீவுக்காரர்களிடம் மீன் வாங்குவார்கள். மாலையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் அம்பு விடும். சிலர் சாவார்கள். உலகப்பன் தம்பி பெயரைச் சொல்லி விசாரித்தான்.

"அவரா? போன மழைக்கே போயிட்டாருண்ணே" என்றான் ஒரு வீரன். "சண்டையில இல்ல. காய்ச்சல்."

உலகப்பன் குடை எங்கே என்று கேட்டான்.

குடை ஒரு கொட்டகையில் நின்றது. பட்டுத்துணி போய்க் கம்பிகள்தான் மிச்சம். படையல் மட்டும் இரண்டு வேளையும் நடந்துகொண்டிருந்தது. அவன் சேனைத் தலைவனையும் முத்திரை வைத்திருந்த எழுத்தனையும் சாட்சிக்கு அழைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் குடையை வணங்கினான்.

"மன்னா, படை வீட்டுக்குப் போகலாமா?"

மூன்று முறை கேட்டான். குடை வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்தன் முத்திரை வைத்தான். மறுநாள் படகுகளில் இடம் தாராளமாக இருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர்தான் திரும்பினார்கள்.

பௌர்ணமியன்று துறைமுகத்தில் படகுகளைப் பார்த்த தளவாய் வாளை உருவிக்கொண்டே சபைக்கு வந்தான். "யார் சம்மதித்தது?" என்று கத்தினான்.

"மன்னர்தான்" என்றான் உலகப்பன்.

"நானா? நான் இங்கேயல்லவா இருந்தேன்?" என்றார் ராஜா.

உலகப்பன் தளவாயின் ஓலையை நீட்டினான். "குடை மன்னரேதான் என்று தளவாய் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் மன்னர் ஆறு வருஷமாக அங்கேதான் இருந்தார். படையைத் திருப்பச் சொல்லவில்லை, வீட்டுக்குப் போகலாமா என்று மூன்று முறை கேட்டேன், மறுக்கவில்லை. அது செல்லாது என்றால், இந்தச் சபையில் அப்படிச் சம்மதம் வாங்கிய எல்லாமே செல்லாது. தளவாயின் சட்டங்களும் சேர்த்து."

தளவாய் வாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

ராஜா படையோடு திரும்பி வந்த குடையை வாங்கி விரித்தார். கம்பிகளின் வழியாக உத்தரம் தெரிந்தது. "துணி எங்கேயப்பா?"

"காயத்துக்குக் கட்டக் கிழித்துவிட்டார்கள், மன்னா. நீங்கள் அதற்கும் மறுப்புச் சொல்லவில்லையாம்."

ராஜா வெறும் கம்பிக் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், கண்ணில் நீர் வருமளவுக்கு. சபையும் சிரித்தது. தம்பியைப் பற்றி உலகப்பன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

"என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"இனிமேல் போர் வந்தால் குடை வீட்டில் இருக்கட்டும், மன்னா. நீங்கள் போங்கள்."

இந்த முறை ராஜா மட்டும்தான் சிரிக்கவில்லை. கொடுத்த வாக்கு, அதனால் முத்திரை வைத்தார். குடைக்குப் புதுப் பட்டு போட்டார்கள். மகுடவர்மர் அதன்பின் முப்பது வருஷம் ஆண்டார். அண்டை நாட்டார் எத்தனையோ முறை அழுகிய பழம் அனுப்பினார்கள். அவர் ஒருமுறைகூடக் கோபப்படவில்லை.