நாலாம் அத்தியாயத்தின் கடைசி வரி

“எல்லாம் போச்சு, மேடம்,” என்றார் சவரிமுத்து.

ஆய்வு மாணவர் சவரிமுத்துவுக்கு வயது நாற்பத்தாறு. வழிகாட்டி மங்கையர்க்கரசிக்கு முப்பத்தெட்டு. இருந்தும் அவர்தான் குரு. நிலக்கடலை ஆராய்ச்சியில் அப்படி அமைந்துவிட்டது.

“என்ன போச்சு?”

“மூணு வருஷம். சாயங்காலம் பூவுல மகரந்தப் பையப் பிடுங்கி, விடியக்காலம் வேற ரகத்தோட மகரந்தத்தத் தடவி, கண்ணே போச்சு. ரெண்டாம் தலைமுறையில எண்ணூறு செடி. நல்லாக் காய்ச்ச பத்துச் செடிய மட்டும் பொறுக்கி, அந்த விதையப் போட்டேன். ஒண்ணுகூடத் தேறல.”

“மிச்சம் எழுநூத்தித் தொண்ணூறு?”

சவரிமுத்து தரையைப் பார்த்தார்.

“வறுத்துட்டோம்.”

பண்ணையில் அதுதான் வழக்கம். தேறாதது வாணலிக்கு.

“நானும் தின்னேனா?”

“ரெண்டு கை, மேடம்.”

மங்கையர்க்கரசிக்கு எரிச்சல் தலைக்கேறியது. பாதி சவரிமுத்து மேல், பாதி தன் மேல்.

மேசையில் கிடந்த ஆய்வேட்டு நகலை எடுத்து அவர் முன்னால் போட்டார்.

“நாலாம் அத்தியாயம். கடைசி வரி. வாசிங்க.”

சவரிமுத்து வாசித்தார்.

“‘இக்கலப்பில் மகசூல் கூடுவது மரபணுக்களின் சேர்க்கையால்; சேர்க்கை பிரிந்தால் அது நிலைக்காது. ஆகவே செடித் தேர்வைப் பின் தலைமுறைகளுக்குத் தள்ளிவைப்பதே நல்லது.’”

“யார் எழுதினது?”

“நான்தான்.”

“எழுதினவர் படிக்கலையா?”

“எல்லா ஆய்வேட்டுலயும் அப்படித்தானே மேடம் முடிப்பாங்க.”

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. எண்ணூறுலயும் விதை எடுத்து வச்சிருந்தா, உங்க ஏட்டுல இருந்தது உதவியிருக்கும், சவரிமுத்து.”

சவரிமுத்து ஏட்டை மூடினார். அழுதுவிடுவார் போல இருந்தது.

“வேற என்ன?” என்றார் மங்கையர்க்கரசி.

“பழைய வயல்ல ஒரே தொல்லை. செடி பிடுங்கும்போது மண்ணுல தங்கின காயெல்லாம் போன வார மழைக்கு முளைச்சு நிக்குது. புது விதைப்புக்கு இடைஞ்சல். உழுது தள்ளிரலாம்னு பத்து மணிக்கு டிராக்டர் வரச் சொல்லியிருக்கேன்.”

“எந்தப் பழைய வயல்?”

“அதான் மேடம், அந்த எண்ணூறு செடி நின்ன...”

மங்கையர்க்கரசி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து.

வெளியே டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

சவரிமுத்து செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.