பதினொரு நிமிஷம்

தேவசகாயத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. தொலைபேசி நிலைய வேலையை விட்டுவிட்டு, தன்னைவிட இருபது வயது இளையவரான பூங்கோதையிடம் மாணவராகச் சேர்ந்தார். எந்தக் கணினி எவ்வளவு சுமை தாங்கும், எப்போது திணறும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது பூங்கோதையின் தொழில்.

ஒரு நாள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் கணினியை அளந்து பார்க்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார் பூங்கோதை. அழைப்பவர் எங்கே இருக்கிறார், பக்கத்தில் எந்த வண்டி என்று தேடித் தருவது அந்தக் கணினிதான். பத்து நாள் அளந்துவிட்டு, தேவசகாயம் அங்கிருந்த அதிகாரியிடம் போனார்.

"தேரோட்டத்தன்னிக்கு மத்தியானம் அழைப்புகள் தேங்கிடும் சார். கடைசியில நிக்கிறவர் பதினொரு நிமிஷம் காத்திருக்கணும்."

அதிகாரி சிரித்தார். "நாள் முழுக்கப் பார்த்தா மெஷின் பாதி நேரம் சும்மாதானே இருக்கு?"

"மாரடைப்பு அந்தச் சும்மா இருக்கிற நேரமாப் பார்த்து வராதே சார்."

சிரிப்பு நின்றது. அதே கணினியில் ஓடிச் சுமை ஏற்றிக்கொண்டிருந்த, அறிக்கை தயாரிக்கும் வேலைகளை வேறொரு கணினிக்கு மாற்றும்படி அதிகாரி உத்தரவிட்டார்.

தேரோட்டம் வந்தது. வெயிலில் மயங்கியவர்கள், நெரிசலில் விழுந்தவர்கள் என்று மத்தியானம் மட்டும் மணிக்கு முந்நூறு அழைப்புகள். எவரும் எட்டு விநாடிக்கு மேல் காத்திருக்கவில்லை. தேர் நிலைக்கு வந்த பிறகுதான் அறையில் இருந்தவர்கள் தண்ணீரே குடித்தார்கள்.

அதிகாரி தேவசகாயத்தின் தோளில் தட்டினார். "எங்கே சார் உங்க பதினொரு நிமிஷம்?"

தேவசகாயம் வாடிய முகத்தோடு பூங்கோதையிடம் வந்தார்.

"கணக்கு பொய்யாப் போச்சு டீச்சர்."

பூங்கோதை அவருடைய கணக்குத் தாளை அவர் பக்கமே நகர்த்தினார்.

"அறிக்கை வேலைகளைக் கழிச்சிட்டு மறுபடி போடுங்க."

போட்டார். ஒன்பது விநாடி என்று வந்தது. நம்பாமல் இன்னொரு முறை போட்டார். ஒன்பதுதான்.

"கணக்கு ஒன்பது, நடந்தது எட்டு" என்றார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். காலையிலிருந்து முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "ஆனா டீச்சர், அந்தப் பதினொரு நிமிஷத்தை யாருமே பார்க்கலையே. யார் நம்புவாங்க?"

"யாரும் அதைப் பார்க்கக் கூடாதுன்னுதானே அதிகாரிகிட்ட முன்னாடியே போய்ச் சொன்னீங்க" என்றார் பூங்கோதை.